வாடைக்காற்றில் மணக்கோலம்: தரங்கம்பாடியில் ஒரு மழைநாள் படப்பிடிப்பு

புரட்டாசி முடிந்ததும் டெல்டா மாவட்டங்களில் கல்யாண மண்டபங்கள் நிரம்பத் தொடங்கிவிடும். ஆடியிலும் புரட்டாசியிலும் தள்ளிவைத்த கல்யாணங்கள் எல்லாம் ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களில் வந்து நெருக்கும். மார்கழி பிறந்தால் மறுபடியும் நிறுத்தம். வடகிழக்குப் பருவமழை தன் முழு வேகத்தைக் காட்டுவதும் இதே மாதங்களில்தான். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. கடலோர மாவட்டங்களில் இந்தப் பங்கு சுமார் 60 சதவீதம். ‘ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை’ என்று பெரியவர்கள் சொல்லிவைத்த மாதங்களில் வெளிப்புறப் படப்பிடிப்புக்கு முன்பணம் வாங்குகிற படக்கலைஞர், மழை வரும் என்ற கணக்கோடுதான் அதை வாங்க வேண்டும். மழை வராமல் போனால் அது அன்றைய அதிர்ஷ்டம்.

இங்கே எழுதப்போவது அப்படிப்பட்ட ஒரு கல்யாண நாளைப் பற்றி. மழையைவிடக் காற்று அதிகம் சோதித்த நாள் அது. மழைக்கு நேரம் பார்க்க வேண்டும், காற்றுக்கு இடம் பார்க்க வேண்டும் என்பதை அன்று எடுத்த ஒவ்வொரு படத்திலும் காட்ட முடியும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, காற்று நிற்கட்டும் என்று காத்திருப்பவர்களையும், மழைக்கு ஒதுங்க நல்ல இடம் தேடி ஊர் முழுக்க அலைபவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். வாடைக்காற்று சாயங்காலத்துக்குள் நின்றுவிடப் போவதில்லை. மழையோ பெரும்பாலும் அரைமணி நேரத்தில் வழிவிட்டுவிடும்.

முகூர்த்தம் காலையில் மயிலாடுதுறையில். வரவேற்பு இரவு ஏழு மணிக்குக் காரைக்காலில், மணமகன் வீட்டார் ஏற்பாடு. இரண்டுக்கும் நடுவே, செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகக் கடற்கரைச் சாலையைத் தொட்டால் தரங்கம்பாடி வந்துவிடுகிறது; மயிலாடுதுறையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். மதிய விருந்து முடிந்து மூன்று மணிக்கு அங்கே சேர்ந்தால், இருட்டுவதற்குள் இரண்டரை மணி நேரம் கிடைக்கும். நவம்பரில் அந்தக் கரையில் சூரியன் ஐந்தே முக்காலை ஒட்டி மறைகிறது. மேகம் கனத்திருந்தால் ஐந்து மணிக்கே வெளிச்சம் கையைவிட்டுப் போய்விடும்.

வழியில் இருக்கும் திருக்கடையூரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் அமிர்தகடேசுவரர் கோயிலுக்கு ஆண்டு முழுவதும் தம்பதிகள் வருகிறார்கள். அங்கே படம் எடுக்கும் உள்ளூர்க் கலைஞர்கள், எண்பது வயதுப் பாட்டியை ஈரக் கருங்கல்லில் பதமாக நடத்திக் கூட்டிவந்து, குடைக்குள் தாத்தாவோடு நிறுத்தி, மூன்று நிமிடத்தில் படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். மழைநாள் வேலையில் ஆளைக் கையாளுவதுதான் முதல் பாடம் என்றால், அதை அவர்களிடம்தான் கற்க வேண்டும்.

தரங்கம்பாடியைத் தேர்ந்தது மணமக்கள். டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. கோட்டைக்கு முன்னால் பரந்த திடல். திடலிலிருந்து மேற்கே ராஜ வீதி போகிறது. வீதியில் 1718-இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயமும் பழைய வீடுகளும் இருக்கின்றன. வீதி முடியும் இடத்தில், ஊருக்குள் நுழையும் வெள்ளை நிற நகர வாயில், 1792-இல் கட்டியது. 1845-இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்கு வடக்கே, பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது.

இந்த வரலாற்றைவிட எங்கள் வேலைக்கு முக்கியமானது ஊரின் அமைப்பு. கிழக்கே கடல், மேற்கே வாயில், நடுவே கிழக்கு மேற்காக ஓடும் ஒரு வீதி. எந்தச் சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே போய்க் குறித்து வைத்திருந்தோம். ஒளி நன்றாக விழும் இடங்களைக் குறித்துவைப்பது எல்லோருடைய வழக்கம். காற்று மறைவான இடங்களையும் அதே தாளில் குறிக்க வேண்டும்.

புடவையில் தொடங்கிய திட்டம்

கல்யாணத்துக்கு முந்திய வாரம் மணமகளின் அம்மாவோடு நடந்த பேச்சுதான் அன்றைய படப்பிடிப்பின் முதுகெலும்பு. கூறைப்புடவைக்குப் பெயர்போன கூறைநாடு மயிலாடுதுறையிலேயே இருக்கும் பகுதி. அந்தக் குடும்பத்தில் தாலி கட்டும்போது உடுத்தும் புடவைக்கு இருக்கும் மரியாதை பெரிது. “தம்பி, கூறைப்புடவையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. அதைப் பத்திரமாக வைத்திருந்து அவள் பிள்ளைக்குக் காட்ட வேண்டும்” என்றார்கள். அவர்கள் சொன்னது முழுக்க நியாயம். பட்டில் மழைத்துளி விழுந்த இடம் காய்ந்தபின் வளையமாகத் தெரியும். ஈரத்தோடு மடித்து வைத்தால் சரிகை கறுத்துப்போகும்.

மணமகளுக்கோ மழையில் நின்று ஒரு படமாவது எடுத்தே தீர வேண்டும் என்ற ஆசை. இரண்டு பேரும் சொன்னதை வைத்தே திட்டத்தைப் பிரித்தோம். கூறைப்புடவையில் எடுக்கும் படங்கள் எல்லாம் கூரைக்கு அடியில், அதுவும் முதலில். அதற்குப் பிறகு ஒரு வீட்டில் புடவை மாற்றம். மழைக்கென்று மெல்லிய, நனைந்தாலும் கவலையில்லாத, அடர்ந்த மாம்பழ நிறப் பருத்திப் புடவை. சாம்பல் வானத்துக்கு முன்னால் வெளிர்நிறப் புடவை கரைந்துபோகும்; மாம்பழ மஞ்சளோ அரக்கோ இருந்தால், தூரத்தில் சின்ன உருவமாக நின்றாலும் கண் நேராக அங்கே போகும். மணமகன் வெள்ளை வேட்டியே உடுத்திக்கொள்ளட்டும் என்றேன். அதற்கான காரணத்தைக் குடைப் படம் வரும்போது சொல்கிறேன்.

மாலையைக் கடற்கரைக்குக் கொண்டுவர வேண்டாம் என்றும் பேசிவைத்தோம். ரோஜா மாலை நனைந்தால் கனத்துக் கழுத்தை இழுக்கும். காற்றில் இதழ் உதிர்ந்து கால்மணி நேரத்தில் நாரும் காம்புமாக நிற்கும். தலைப்பூவை மட்டும் இன்னொரு சரம் கூடுதலாக வாங்கி, ஈரத்துணியில் சுற்றிக் காரில் வைத்திருந்தார்கள் மணமகளின் அத்தை. அந்தச் சரம் நன்றாகப் பயன்பட்டது.

ராடாரும் ஒரு மீனவப் பெரியவரும்

வடகிழக்குப் பருவமழை கடலோரத்தில் பெரும்பாலும் பின்னிரவிலும் விடிகாலையிலும் வலுவாகப் பெய்யும். பகலில் கடலிலிருந்து மேகக்கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையேறி, கொட்டிவிட்டு உள்நாட்டுக்கு நகரும். இடையில் வெறும் தூறலோ, தூறல்கூட இல்லாத சாம்பல் வெளிச்சமோ கிடைக்கும். நமக்கு வேண்டியது அந்த இடைவெளி. நாளைக்கு மழை உண்டா என்ற முன்னறிவிப்பு இந்த இடத்தில் உதவாது, அது உண்டு என்றுதான் சொல்லும். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு ராடார் படம்தான் துணை. வானிலை ஆய்வுத் துறையின் காரைக்கால் ராடார் தரங்கம்பாடிக்குப் பக்கத்திலேயே இருப்பது எங்களுக்கு வசதி. சில நிமிட இடைவெளியில் வரும் படங்களை வரிசையாகப் பார்த்தால், கடல்மேல் இருக்கும் மேகத்திட்டு எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். உதவியாளர்களில் ஒருவருக்கு அன்று இது ஒன்றே வேலை. கேமராவைத் தொடவே வேண்டாம், ராடாரைப் பார்த்து என்னிடம் சொன்னால் போதும் என்று சொல்லியிருந்தேன்.

ராடார் காட்டாத ஒன்று, தரையில் காற்று எப்படித் திரும்புகிறது என்பது. அன்று கடலுக்குப் போகாத படகுகள் கரையில் ஏற்றிக் கிடந்தன. வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டோம். “இப்ப வாடை, ஐயா. கொண்டல் பக்கம் திரும்புதான்னு பாருங்க, திரும்பினா அடுத்த மழை வருதுன்னு அர்த்தம்” என்றார். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல். அவர் சொன்ன பிறகு, திடலின் ஓரத்தில் கட்டியிருந்த ஒரு பிளாஸ்டிக் கொடியையே எங்கள் திசைகாட்டியாக வைத்துக்கொண்டோம். அது மேற்கு நோக்கிப் படபடத்தபோதெல்லாம் சாமான்களை மூடத் தொடங்கினோம்.

வாயிலுக்குள் முதல் படங்கள்

மூன்றேகாலுக்கு நகர வாயிலை அடைந்தபோது நல்ல மழை. கூறைப்புடவைப் படங்களை அங்கேயே முடிப்பது என்று முன்பே வகுத்திருந்ததால் மழை எங்களுக்குத் தடையாக இல்லை. வாயிலின் வளைவுக்குள் சாலையே போகிறது, அதனால் வண்டிகள் வரும். மணமகனின் தாய்மாமாவும் இன்னொரு உறவினரும் இரண்டு பக்கமும் நின்று, வண்டி வந்தால் குரல் கொடுத்தார்கள். ஈரத்தில் வந்த இருசக்கர வாகனக்காரர்கள் நிறுத்தி, மணமக்களைப் பார்த்து வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

கூரையுள்ள இடத்தில் எல்லோரும் செய்வது, மணமக்களை நன்றாக உள்ளே தள்ளி நிறுத்துவது. நனையாமல் இருப்பார்கள், ஆனால் வெளிச்சம் மேலிருந்து வராமல் தரையிலிருந்து மட்டும் வந்து, முகத்தில் நிழல் கட்டும். வளைவின் விளிம்பிலிருந்து ஓரடி மட்டும் உள்ளே நிறுத்தி, முகத்தை வெளிப்பக்கம் திருப்பினால், மழைமேகம் மூடிய வானம் முழுவதும் அவர்களுக்கு ஒளிதரும் மிகப் பெரிய விளக்காகிவிடுகிறது. நிழலே இல்லாத மெத்தென்ற வெளிச்சம். நகையும் சரிகையும் கண்ணைப் பறிக்காமல் மின்னும். நான் குடைக்கு அடியில் வெளியே நின்றேன். 85 மி.மீ. லென்ஸ், அதன் திறப்பு எஃப் 2.8, ஷட்டர் வேகம் 1/250 வினாடி, ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 400. உச்சிவெயிலில் இதே வாயிலில் எடுத்திருந்தால் நெற்றியில் சுட்டிப்பட்டத்தின் நிழல் கோடாக விழுந்திருக்கும்.

பிறகு நான் உள்ளே போய், அவர்கள் முதுகுப்பக்கமாக, மழை பெய்யும் வீதியை நோக்கி ஒரு படம். இருண்ட வளைவு சட்டமாக அமைய, இரண்டு உருவங்களும் கறுத்த வடிவங்களாகத் தெரியும் படம். வெளிச்சத்தை வெளியே இருக்கும் வீதிக்கு அளந்து வைத்தால் போதும். வேறு எந்த உபாயமும் இதற்குத் தேவைப்படவில்லை. மணமகளின் அம்மாவுக்கு இதில் முகம் தெரியவில்லையே என்று குறை. புடவை முழுக்க நனையாமல் முடிந்ததில் அவர்களுக்கு வந்த நிம்மதி அந்தக் குறையைவிடப் பெரிதாக இருந்தது.

இடி

மூன்றே முக்காலுக்குக் கடல் பக்கமிருந்து இடி கேட்டது. மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்பதற்குள் எண்ணிப் பார்த்தால், மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது வரை எண்ணுவதற்குள் இடி கேட்டுவிட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள்ளோ உலோகக் கூரையுள்ள காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது. இந்த விதியில் நான் யாருக்காகவும் தளர்வதில்லை. திறந்த கடற்கரையில், கையில் உலோகக் கம்பியுள்ள குடையோடு, ஆளுயரத்துக்கு மேலே எதுவும் இல்லாத இடத்தில் ஒரு தம்பதியை நிறுத்துவது எந்தப் படத்துக்கும் ஈடாகாது.

கார்களில் உட்கார்ந்தோம். அந்த நேரத்தில்தான் புடவை மாற்றத்தையும் முடித்தார்கள். தேவாலயத்தை ஒட்டிய தெருவில் மணமகன் வீட்டாருக்குத் தெரிந்த குடும்பம் கதவு திறந்து வைத்திருந்தது. காத்திருந்த நேரம் வீணாகவில்லை. நேரத்துக்கு இடைவெளி விட்டுத் திட்டம் போட்டதன் பலன் இது. நான்கு மணிக்குக் கோட்டை, நாலரைக்குக் கடற்கரை என்று இறுக்கமாகக் கட்டியிருந்தால் அந்த இடி அன்றைய மொத்த ஏற்பாட்டையும் உடைத்திருக்கும்.

சுவருக்கு மேற்கே

நாலரைக்கு மேல் மழை விட்டது. காற்று மட்டும் இருந்தது, வடகிழக்கிலிருந்து, விடாமல்.

சோழமண்டலக் கரையில் பருவமழைக் காலத்துச் சாயங்காலங்களில் ஒளிக்கும் காற்றுக்கும் ஒரு தீராத வழக்கு இருக்கிறது. சூரியன் மேற்கே இறங்குவதால், மேகம் எவ்வளவு கனமாக இருந்தாலும், நான்கு மணிக்குப் பிறகு மேற்கு வானம் கிழக்கைவிடச் சற்று வெளிறியிருக்கும். முகத்தில் ஒளி வேண்டுமானால் மணமக்கள் மேற்கே பார்க்க வேண்டும். கடலும் அவர்களுக்குப் பின்னால் அழகாக அமையும். காற்றோ வடகிழக்கிலிருந்து, அதாவது அவர்களுடைய பின்பக்கமிருந்து வந்து, கூந்தலையும் முந்தானையையும் முகத்தின்மேல் கொண்டுவந்து போடும். அவர்களை எதிரே நின்று எடுக்கும் நான் கிழக்கே பார்ப்பதால், என் லென்ஸில் துளி நேராக வந்து விழும். மாற்றிக் காற்றைப் பார்த்து நிறுத்தினால் கூந்தல் பின்னால் பறக்கும், பார்க்க நன்றாயிருக்கும். ஆனால் கண் கூசும், உப்புத்துளி அடிக்கும், முகம் இருண்ட கடலைப் பார்த்து மங்கிவிடும்.

இந்த வழக்கைச் சுவரால்தான் தீர்க்க முடியும். கோட்டைச் சுவரின் மேற்குப் பக்கம், மண்நிறச் சுவருக்கு முன்னால், முதுகு சுவரைப் பார்க்க நின்றால் காற்று சுவருக்கு மேலே ஏறிப் போய்விடுகிறது. முகத்தில் மேற்கு வெளிச்சம் முழுதாக விழுகிறது. என் லென்ஸும் காய்ந்தே இருக்கிறது. சுவரின் மூலைகளுக்கு மட்டும் போகக் கூடாது. தடைபட்ட காற்று மூலையில் வளையும்போது திறந்த வெளியைவிட வேகமாக வீசும். மூலையிலிருந்து பத்தடி உள்ளே வந்தால் வேட்டி நுனிகூட அசையாத இடம் கிடைக்கிறது. முன்பே குறித்துவைத்த தாள் இங்கேதான் கைகொடுத்தது.

மணமகன் எந்தப் பக்கம் என்பதிலும் காற்றுக்குச் சொல் உண்டு. மேற்கே பார்த்து நிற்பவருக்கு வலக்கை வடக்கே. காற்று வரும் அந்த வடக்குப் பக்கத்தில் மணமகன் நின்றால் அவர் உடம்பே மணமகளுக்குத் திரை. தாலி கட்டிய பிறகு மனைவி கணவனின் இடப்பக்கம் நிற்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அன்று வழக்கமும் காற்றும் ஒரே பக்கத்தைச் சொன்னது எல்லோருக்கும் மகிழ்ச்சி.

இனி முந்தானை. பறக்கும் முந்தானைப் படம் எல்லோருக்கும் பிடிக்கும். அதைக் காற்றின் கையில் அப்படியே விட்டால் தோளிலிருந்து மொத்தப் புடவையையும் இழுத்துவிடும், மணமகள் ஒரு கையால் பிடித்துக்கொண்டே நிற்பார், அந்தச் சங்கடம் முகத்திலும் வந்துவிடும். மணமகளின் அத்தை இதைச் சரிசெய்த விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். தோளில் மடிப்புகளை அடுக்கி, ரவிக்கையின் உள்பக்கமாக ஊசியைக் கொடுத்துக் குத்தினார்கள், வெளியே ஊசி தெரியாது. அதற்குக் கீழே ஒரு சாண் விட்டு, மடிப்புகளுக்குள் மட்டும் இன்னொரு ஊசி. மூன்றாவது ஊசி இடுப்பில். நான் கேட்டபடி முந்தானையின் கடைசி இரண்டு முழத்தை மட்டும் மடிப்புப் பிரித்து விட்டார்கள். அந்த இரண்டு முழம்தான் பறந்தது. மேலே எல்லாம் கட்டுக்கோப்பாக நின்றது. மணமகள் இரண்டு கையையும் விட்டுவிட்டு முதன்முறையாக நிமிர்ந்து சிரித்தார். அன்றைய படங்களில் எனக்கு மிகவும் பிடித்த முகபாவம் அந்த ஊசிகள் தந்தது.

அந்தப் படத்துக்காக மட்டும் சுவர் மறைவிலிருந்து நான்கைந்து அடி வெளியே வந்து, வடக்கே பார்த்துத் தலையைச் சற்றுத் திருப்பச் சொன்னேன். பக்கவாட்டு முகம், கூந்தல் பின்னோக்கி, முந்தானை தெற்கே நீண்டு. ஷட்டர் 1/1000. துணியின் அலை உறைந்து நிற்க அவ்வளவு வேகம் வேண்டும். காற்று ஒரே சீராக வீசுவதில்லை. வீசித் தணிந்து மறுபடி வீசும். வீச்சு உச்சத்தில் இருக்கும்போது துணி உடம்போடு ஒட்டிக்கொள்ளும், தணியத் தொடங்கும் நொடியில்தான் விரிந்து மிதக்கும். நான் காத்திருந்தது அந்தத் தணிவுக்கு.

ட்ரோன் அன்று பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. சிறிய வகை ட்ரோன்கள் தாங்கும் காற்றுவேகத்துக்கு ஓர் எல்லை உண்டு, மழைக்கு அவை கட்டப்பட்டவையே அல்ல. விளக்கொளியை மெத்தென்றாக்கும் பெரிய துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸும் அப்படியே. அந்தக் காற்றில் அது பாயாகிவிடும். மணல்மூட்டை கட்டினாலும் யார் தலையிலாவது விழும். விளக்கு வேண்டிய இடத்தில் சின்ன ஃபிளாஷை உதவியாளர் கையில் பிடித்துக்கொண்டார். அலைத்தடுப்புக்குப் போட்டிருக்கும் பாறைகளின்மேல் ஏறி நின்று எடுக்கலாமே என்று இளைஞர்கள் கேட்டார்கள். பாசி பிடித்த ஈரப்பாறை, மெட்டி அணிந்த வெறுங்கால், கீழே கொந்தளிக்கும் கடல். முடியாது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன்.

குடை

குடை வெறும் அலங்காரமாக வந்தால் படம் கெடும், காற்றில் அது உடனே மடங்கிப் புரண்டுவிடும். நிறக்குடைகள் வேண்டவே வேண்டாம். சிவப்புக் குடைக்குக் கீழே முகம் கன்றிச் சிவக்கும், பச்சைக்குக் கீழே நோயாளி நிறம் வரும், நீலத்துக்குக் கீழே உதடு கறுக்கும். பிறகு கணினியில் உட்கார்ந்து தோலின் நிறத்தைத் திருத்துவது வேதனை. நிறமில்லாத, ஒளி ஊடுருவும் குடை முகத்துக்கு நல்லது. காற்றுக்கு அதன் கம்பிகள் தாங்குவதில்லை. அதைச் சுவர் மறைவில் மட்டும் பயன்படுத்தினோம். திறந்த திடலுக்கு மணமகனின் தாத்தாவுடைய கறுப்புத் துணிக்குடை. வளைந்த மரப்பிடி, தடித்த கம்பி. அதைக் காற்று வரும் பக்கம் சாய்த்துப் பிடித்தால் எந்த வீச்சையும் தாங்கியது.

கறுப்புக் குடைக்கு ஒரு குறை உண்டு. அடிப்பக்கம் ஒளியைத் தின்றுவிடுவதால் முகம் இருண்டுவிடும். அங்கேதான் வெள்ளை வேட்டி உதவியது. மணமகனை மேற்கு வெளிச்சம் விழும்படி நிறுத்தி, மணமகளை அவருக்கு நெருங்கி நிறுத்தினால், வேட்டியிலும் அங்கவஸ்திரத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி கீழிருந்து மணமகளின் முகவாய்க்கும் கண்ணுக்கும் ஏறுகிறது. தனியாக வெள்ளை அட்டை பிடிக்க ஆள் தேவையில்லை, காற்றில் அட்டை பறக்கும் தொல்லையும் இல்லை.

அந்தியில் பெய்த மழை

ஐந்தரைக்குக் கொடி மேற்கே படபடத்தது. ராடார் பார்த்தவரும் கடலில் ஒரு திட்டு நெருங்குகிறது, இடி இல்லை, பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்றார். மணமகள் கேட்டிருந்த மழைப் படம் இதுதான். வரவேற்புக்குப் புறப்பட வேண்டிய நேரமும் இதுதான் என்பதால் ஒரே வாய்ப்பு.

மழை கண்ணுக்குத் தெரிந்தாலும் படத்தில் தானாகத் தெரிந்துவிடாது. சாம்பல் வானத்துக்கு எதிரே சாம்பல் துளி காணாமல் போகும். துளி தெரிய வேண்டுமானால் இரண்டு வேண்டும்: பின்னால் இருண்ட பின்புலம், துளிக்குப் பின்னாலிருந்து வரும் ஒளி. கேமராவின் மேலேயே ஃபிளாஷை வைத்து எடுத்தால் லென்ஸுக்கு அருகில் விழும் துளிகள் பெரிய வெள்ளைப் பொட்டுகளாகப் படம் முழுக்க அப்பிக்கொள்ளும்.

திடலில் இருண்ட மரங்களுக்கு முன்னால் மணமக்களை நிறுத்தினோம். அவர்களுக்குப் பத்தடி பின்னால், இடுப்பளவு உயரத்தில் சின்ன ஃபிளாஷ், மணமகனின் உருவத்துக்குள் மறைந்திருக்கும்படி. அதன்மேல் ஒரு பாலித்தீன் பை, ரப்பர் வளையம். வெப்பம் வெளியேறக் கீழே கொஞ்சம் திறப்பு. ஒளிக்கு முன்னால் மெல்லிய ஆரஞ்சுத் தாள், துளிகள் பொன்னிறமாக மின்னுவதற்கு. ஃபிளாஷின் திறன் முழுத்திறனில் 1/8, ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 1600. ஃபிளாஷ் துளிகளை உறையவைக்கும், மிச்சமிருக்கும் அந்திவெளிச்சம் சூழலைக் காட்டும்.

மழை வந்தது. தாத்தாவின் குடையை இருவரும் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். குடையின் விளிம்பிலிருந்து சொட்டிய துளிகள் பின்ஒளியில் மணிச்சரமாகத் தெரிந்தன. அடுத்து மணமகள் தானாகவே குடையை அவரிடமிருந்து வாங்கிக் கீழே இறக்கினார். நான் சொல்லவில்லை, மழையில் நனையச் சொல்லும் முடிவு ஒருபோதும் கேமராவுக்குப் பின்னால் இருப்பவருடையதாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். கடற்காற்றில் நனைந்த துணியோடு நிற்பவருக்குச் சில நிமிடங்களில் உதறல் எடுத்துவிடும். அதனால் அத்தை கையில் துண்டோடு படச்சட்டத்துக்கு வெளியே தயாராக நின்றார்கள். ஃபிளாஸ்க்கில் சுக்குக்காப்பி இருந்தது. ஐந்து நிமிடத்துக்குள் முடித்து, காரில் ஏற்றிவிட்டோம். குங்குமம் சற்றுக் கரைந்து புருவத்துக்கு மேலே ஒரு கோடாக இறங்கியிருந்தது. திருத்தும்போது அதை அழிக்கவில்லை.

சாமான்களும் ஆல்பமும்

மழைநீரைவிடக் கேமராவுக்குப் பகை உப்பு. கடற்காற்று லென்ஸின் முன்கண்ணாடியில் மெல்லிய படலத்தைப் பூசிவிடுகிறது. காய்ந்த துணியால் தேய்த்தால் அது கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி, கடைசியில்தான் காய்ந்த துணி. முன்னால் ஒரு பாதுகாப்பு ஃபில்ட்டர் போட்டிருந்தால் மனம் பதறாது. லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பான ஹூட் எப்போதும் மாட்டியே இருக்க வேண்டும், பாதித் துளிகளை அதுவே தடுத்துவிடும். நனைந்த கையோடு லென்ஸ் மாற்றும் வேலையே வேண்டாம் என்று இரண்டு கேமராக்களில் இரண்டு லென்ஸ்களை முன்பே மாட்டிக்கொண்டோம். குளிரூட்டிய காரிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ வெளியே எடுத்தவுடன் கண்ணாடியில் ஆவி படியும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். தரங்கம்பாடிக்குப் போகும் வழியிலேயே பையைக் குளிர்க்காற்று படாத டிக்கியில் வைத்திருந்ததால் இறங்கியவுடன் வேலை தொடங்க முடிந்தது.

மேகவெளிச்சம் நீலம் கலந்தது. கேமராவின் தானியங்கி நிறச்சமனை நம்பினால் சரிகை வெள்ளிபோல் வெளிறும், மஞ்சள் பூசிய முகம் சோகையாகத் தெரியும். வாயில் படங்களின் நிறச்சமனை 6500 கெல்வினை ஒட்டி வைத்தபோது பட்டின் அரக்கும் சரிகையின் பொன்னும் திரும்பி வந்தன. வானத்தின் சாம்பலை மட்டும் அப்படியே விட்டேன். நீலவானத்தை ஒட்டவைத்துத் தரும் வேலையைச் சிலர் செய்கிறார்கள். நனைந்த தரையும் நிழலில்லாத முகங்களும் இருக்கும் படத்தில் அந்த வானம் பொருந்தாது, வீட்டார் அன்று பட்ட பாட்டையும் அது பொய்யாக்கிவிடும்.

கூடத்துச் சுவருக்கு மணமகளின் அம்மா தேர்ந்தது நகர வாயிலில் இருவரும் நேராகப் பார்க்கும் கூறைப்புடவைப் படம். ஆல்பத்தின் நடுவில் இரண்டு பக்கத்துக்கு விரிந்தது அந்திமழைப் படம், அது மணமக்கள் விருப்பம். முந்தானைப் படத்தை அத்தை தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஐப்பசி, கார்த்திகைக் கல்யாணங்களுக்கு எழுதும் ஒப்பந்தத்தில் இப்போது நான்கு வரிகள் கூடுதலாகச் சேர்க்கிறேன். வெளிப்புறப் படப்பிடிப்புக்குக் குறிப்பிட்ட மணி கிடையாது, இரண்டரை மணி நேர இடைவெளி மட்டுமே உண்டு. நனையக்கூடிய இரண்டாவது புடவை வேண்டும். இடி கேட்டால் நிறுத்துவேன், அந்த நேரத்துக்குக் கட்டணம் கேட்க மாட்டேன். ஊசி குத்தத் தெரிந்த ஒரு பெரியம்மாவோ அத்தையோ கூட வர வேண்டும். முதல் மூன்றையும் படித்துத் தலையாட்டுகிறவர்கள் நான்காவதற்கு வரும்போது உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறார்கள்.